'ஆல்' உருபும் ஒரு வெற்றிடமும்

"கதவுகள் மூடப்படுகின்றன" என்பதில் உள்ள வினையை நோர்வேஜிய மொழி 'லுக்கெஸ்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடும். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறதா? அதற்கும் ஒரே சொல்: 'அவ்ஸ்லோஸ்'. மோர்டென்ஸ்ருட்டில் அயலவர்களுக்கு வரும் கடிதங்களை வாசித்துச் சொல்லும்போதெல்லாம் என் கண் அந்தக் கடைசி 'ஸ்' இல்தான் நிற்கிறது. மூடுவது யார், நிராகரிப்பது யார் என்பது அதற்குள் மறைந்துவிடுகிறது.

இந்த 'ஸ்' பிறவியிலேயே செயப்பாட்டுவினைக்கு உரியதல்ல. பழைய நோர்ஸ் மொழியில் 'சிக்' என்றால் 'தன்னை'. 'கல்லா சிக்', அதாவது தன்னை அழைத்தல், 'கல்லாஸ்க்' என ஒட்டிக்கொண்டு, பின்னர் சுவீடிஷில் 'கல்லாஸ்' எனவும் நோர்வேஜியத்தில் 'கல்லெஸ்' எனவும் தேய்ந்தது. தன்னைச் சுட்டிய சொல்லே செய்பவரை மறைக்கும் விகுதியாயிற்று. பேச்சில் அதிகம் வழங்கும் 'பிலி' என்ற துணைவினையோ கீழ் ஜெர்மனிலிருந்து, ஹன்சா வணிகத் தொடர்பின் வழியே, வந்தது. டெனிஷ் ஆட்சி 1814 இல் முடிந்த பின்னும் அதன் எழுத்துமொழி இங்கே தங்கியது. 'ஸ்' வடிவம் இன்றும் சட்டத்திலும் அறிவித்தல்களிலுமே செழிக்கிறது. கிராமப் பேச்சுகளிலிருந்து ஈவார் ஓசன் உருவாக்கிய எழுத்துமொழியின் வாரிசான நீநொர்ஸ்க் இவ்வகை வடிவத்துக்குக் குறுகிய இடமே தருகிறது.

தமிழில் செய்பவரை மறைக்கச் செயப்பாட்டுவினைகூடத் தேவையில்லை. 'கதவு திறந்தது' என்றாலே போதும். செயலுக்கு ஆளான பொருளை எழுவாயாக நிறுத்திப் பேசும் வழக்கைத் தொல்காப்பிய வினையியலே ஏற்கிறது. 'காணாமல் போனோர்' என்பதும் செய்வினைதான். அவர்கள் தாமாகவே எங்கோ போய்விட்டதுபோல. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் போராட அமர்ந்த தாய்மார் கேட்டது 'காணாமல் ஆக்கப்பட்ட' பிள்ளைகளை. இங்கே 'படு' எவரையும் மறைக்கவில்லை. ஆக்கியவர் ஒருவர் உண்டு என்று சாட்சி சொல்கிறது.

ஆகவே குற்றம் வினைவடிவத்தில் இல்லை. அது விட்டுவைக்கும் வெற்றிடத்தை நாம் எப்போது நிரப்புகிறோம், எப்போது நிரப்பாமல் விடுகிறோம் என்பதே கேள்வி. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது என்று எழுதும்போது 'பொலிஸாரால்' என்று சேர்க்க எமது பேனாக்கள் தயங்குவதில்லை, தயங்கவும் கூடாது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள் என்று எழுதும்போது மட்டும் பலருக்கு அந்த இடத்திலேயே முற்றுப்புள்ளி வந்துவிடுகிறது. அங்கே வரவேண்டிய சொல் 'விடுதலைப் புலிகளால்'.

முதல் வாக்கியத்தில் 'ஆல்' உருபு எழுதத் தெரிந்த கைக்கு இரண்டாவதிலும் அது தெரிந்திருக்க வேண்டும்.