கண்குழி எலும்புகள்

மண்டையோட்டின் முன்பக்கத்தில் கண்விழியைத் தாங்கும் எலும்புக் குழியே கண்குழி. நெற்றி, கன்னம், மேல்தாடை, கண்ணீர், சல்லடை, ஆப்பு, அண்ணம் ஆகிய 7 எலும்புகள் இதை அமைக்கின்றன. சுமார் 30 மி.லி. கொள்ளளவில் விழிக்குரியது ஏறத்தாழ 7 மி.லி.; எஞ்சிய இடத்தில் கொழுப்பு, தசைகள், நரம்புகள், கண்ணீர்ச் சுரப்பி. விளிம்பு தடிமனானது, மூக்கை ஒட்டிய உட்சுவரின் தடிமனோ அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்த மெலிவைக் குறை எனக் கருதுவது பொருந்தாது. பந்தோ முட்டியோ கண்ணில் பலமாக மோதினால் கண்குழியின் மெல்லிய அடித்தளம் உடைந்து, கொழுப்பு கீழுள்ள மேல்தாடைக் காற்றறைக்குள் பிதுங்குகிறது. அழுத்தம் தணிவதால் விழி கிழியாமல் தப்பும் வாய்ப்பு கூடுகிறது.

உட்சுவரே மிக மெல்லியது எனில், அடித்தளம் அடிக்கடி உடைவானேன் என்று கேட்கலாம். உட்சுவருக்குப் பின்னால் சல்லடை எலும்பின் சிற்றறைத் தடுப்புகள் முட்டுக் கொடுக்கின்றன; அடித்தளத்துக்குக் கீழே இருப்பது வெற்றறை. உடைந்த எலும்பில் தசை சிக்கி இரட்டைப் பார்வை வருகிறதே என்பதும் நியாயமான மறுப்பே. ஆனால் அதைப் பெரும்பாலும் அறுவையால் சீராக்கலாம். கிழிந்த விழியில் பார்வையை முழுமையாக மீட்பது பெரும்பாலும் கடினம். சிறுவர்களுக்கு எலும்பு வளைந்து மீள்வதால், வெளியே காயம் தெரியாமலே தசை சிக்கிக்கொள்ளக்கூடும். கண்ணில் அடிபட்ட சிறுவன் மேலே பார்க்க முடியாமல் வாந்தி எடுத்தால், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.