விதியும் விளக்கமும்: அழுத்தக்கலன், சேமிப்புத்தொட்டி நெறித்தொகுப்புகளின் பொருள்கோள் வரலாறு

முன்னுரை

அழுத்தக்கலன் ஒன்றை வடிவமைக்கும்போது கணக்கைக் கணிப்பொறி போட்டுவிடும். எந்தச் சூத்திரம் அந்தக் கலனுக்குப் பொருந்தும், எந்த வாசகம் கட்டாயம், எது பரிந்துரை என்பதைப் பொறியாளரே படித்து முடிவுசெய்ய வேண்டும். அந்தப் படிப்பில் நேரும் பிழை தகட்டின் தடிமனில் போய் முடிகிறது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகமும் (ஏ.எஸ்.எம்.இ.) அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமும் (ஏ.பி.ஐ.) வெளியிட்ட நெறித்தொகுப்புகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்குப் பொருள் கொள்ளும் முறை எவ்வாறு உருவாயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. விதியின் வாசகமே ஆணை. ஆனால் அது எந்த விபத்துக்கு விடையாக எழுந்தது என்பதை அறிந்தவருக்கே அதன் எல்லை தெளிவாகும் என்பது இதன் வாதம்.

வெடிப்பிலிருந்து விதி

1905 மார்ச் 20 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் நகரில், குரோவர் காலணித் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்தது. 58 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே மாநிலத்தின் லின் நகரில் இன்னொரு காலணித் தொழிற்சாலையில் கொதிகலன் வெடித்தது. 1907இல் மாநிலச் சட்டமன்றம் கொதிகலன் சட்டம் இயற்றியது. ஒஹாயோ 1911இல் பின்தொடர்ந்தது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறவே, ஓரிடத்தில் ஏற்கப்பட்ட கொதிகலன் அடுத்த மாநிலத்தில் தள்ளுபடியாகும் நிலை வந்தது. இதைத் தீர்க்க ஏ.எஸ்.எம்.இ. 1911இல் ஒரு குழுவை அமைத்தது. அது உருவாக்கிய கொதிகலன் நெறித்தொகுப்பின் 1914ஆம் ஆண்டுப் பதிப்பு 1915இல் வெளிவந்தது. நெருப்பில் படாத அழுத்தக்கலன்களுக்கான எட்டாம் பிரிவு 1925இல் சேர்ந்தது.

கேள்வியும் விடையும்

தொகுப்பு அச்சேறியதும் உற்பத்தியாளர்களும் ஆய்வாளர்களும் கேள்வி எழுப்பத் தொடங்கினர். குழு கலைந்துபோகாமல் நிலைத்தது. கேள்வி எழுத்தில் வர வேண்டும். உறுப்பினர் அனைவருக்கும் அதன் படி போகும். கூடிப் பேசி விடை வகுப்பர். கேட்டவர் பெயரை நீக்கிவிட்டுக் கழகத்தின் இதழில் அச்சிடுவர். பெயர் நீக்கியதால் ஒரு நிறுவனத்தின் தனிச் சிக்கல் எல்லோருக்கும் பொதுவான வழிகாட்டுதலாயிற்று.

நம் மரபில் நூற்பா ஒருவருடையது, உரை இன்னொருவருடையது. இங்கே நூல் செய்த குழுவே உரையும் சொல்கிறது. ஆகவே உரை என்ற பெயரில் நூலையே திருத்திவிடும் ஆபத்து உண்டு. இதைத் தடுக்கக் காலப்போக்கில் இரண்டு வகைகள் பிரிந்தன. இருக்கும் வாசகத்தின் பொருளை மட்டும் சொல்வது விளக்கம். புதிய பொருளுக்கோ மாற்று முறைக்கோ அனுமதி தருவது தொகுப்பு நேர்வு. இவை இரண்டாலும் தீராதபோது திருத்தமே வழி. இன்று விளக்கம் கேட்பவர் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று பதில் வரும்படி கேள்வியை அமைக்க வேண்டும். குறிப்பிட்ட வடிவமைப்பு ஒன்றைச் சரிபார்த்துத் தருவது குழுவின் வேலையன்று. அந்தப் பொறுப்பு வடிவமைப்பாளரிடமே இருக்கிறது.

தொகுப்பு பேசாத இடங்களையும் எட்டாம் பிரிவு முன்னுணர்ந்திருக்கிறது. விதியில் முழு விவரம் இல்லாத வடிவமைப்புக்கு, விதிகள் தரும் அளவு பாதுகாப்பை உற்பத்தியாளர் காட்ட வேண்டும். ஆய்வாளர் அதை ஏற்க வேண்டும். எனவே விதியின் மௌனத்தைத் தடையாகவும் கொள்ள முடியாது, தாராள அனுமதியாகவும் கொள்ள முடியாது.

எல்லையைப் படித்தல்

தொகுப்பில் முதலில் படிக்க வேண்டியது அது எதற்குப் பொருந்தும் என்னும் பகுதி. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டுக்கு மேற்படாத அழுத்தமுள்ள கலன்களை எட்டாம் பிரிவு விலக்குகிறது. அந்த அளவு வரை ஏ.பி.ஐ. 620 பொருந்தும். வளிமண்டல அழுத்தத்தை ஒட்டிய தொட்டிகளுக்கும், பிற்சேர்க்கையின்படி 2.5 பவுண்டு வரையும் ஏ.பி.ஐ. 650 பொருந்தும். எங்கே அளந்த அழுத்தம் என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். 15 மீட்டர் உயரத்துக்குக் கரும்புப் பாகு நிறைந்த தொட்டியின் அடியில் அழுத்தம் ஏறத்தாழ 30 பவுண்டு இருக்கும். ஆயினும் அது அழுத்தக்கலன் ஆவதில்லை. எல்லையை வகுப்பது மேற்பகுதியின் அழுத்தம். திரவத்தின் எடை தகட்டின் தடிமனில் கணக்காகிறது.

பாஸ்டனும் ஃப்ளோரெஃப்பும்

1919 ஜனவரி 15 அன்று பாஸ்டனில் அப்படியொரு பாகுத் தொட்டி உடைந்து 21 பேர் இறந்தனர். விட்டம் 90 அடி, உயரம் 50 அடி. கட்டி முடித்ததும் சில அங்குலம் தண்ணீர் விட்டுப் பார்த்ததோடு சோதனை முடிந்திருந்தது. தண்ணீரைவிடப் பாகு ஏறத்தாழ 1.4 மடங்கு அடர்த்தி உடையது. 650இன் ‘ஓரடி முறை’யில், தொட்டியின் அடித்தகடோ கீழுள்ள தடித்த வளையமோ சுவரைப் பிடித்து நிறுத்துவதால் ஒவ்வொரு வளையத்தின் கீழ்விளிம்புக்கும் 0.3 மீட்டர் மேலுள்ள புள்ளியில் தகைவைக் கணக்கிடுவர். இந்தத் தொட்டியை 15 மீட்டர் நிரப்புவதாகக் கொண்டு, இன்றைய சாதாரணக் கட்டமைப்பு எஃகுக்கு, அரிமானப்படி சேர்க்காமல் கணக்கிட்டுப் பார்த்தால், நீர்ச் சோதனைக்கு அடிவளையம் சுமார் 11.5 மில்லிமீட்டர் போதும். பாகுக்குச் சுமார் 17.3 மில்லிமீட்டர் வேண்டும். ஆகவேதான் தொகுப்பு திரவத்துக்கு ஒரு தடிமனும் சோதனைக்கு ஒரு தடிமனும் தனித்தனியே கணக்கிடச் சொல்லி, பெரியதைக் கொள்ளச் சொல்கிறது. நீர்ச் சோதனையில் தேறியது என்பதை மட்டும் வைத்துக் கனமான திரவத்தை நிரப்ப விதி இடம் தருவதில்லை.

1988 ஜனவரி 2 அன்று பென்சில்வேனியாவின் ஃப்ளோரெஃப்பில் டீசல் தொட்டி ஒன்று நொறுங்கு முறிவால் சரிந்து, மனங்ககேலா ஆற்றில் எண்ணெய் கலந்தது. வேறிடத்தில் பல்லாண்டு நின்ற தொட்டியைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். முழு உயரத்துக்கும் நீர்ச் சோதனை நடக்கவில்லை. 650 புதிய தொட்டிக்கானது. பழைய தகட்டுக்குள் மறைந்த குறையையும், குளிரில் எஃகு இழக்கும் தாங்குதிறனையும் யார் எப்படி மதிப்பிடுவது என்பதற்குத் தனி விதி தேவைப்பட்டது. ஆய்வு, பழுதுபார்ப்பு, மாற்றம், மறுநிர்மாணம் ஆகியவற்றுக்கான ஏ.பி.ஐ. 653 1991இல் வந்தது.

மாறும் காரணி

1914ஆம் ஆண்டுத் தொகுப்பில் இழுவிசை வலிமையை 5ஆல் வகுத்து அனுமதித் தகைவைக் கண்டனர். இரண்டாம் உலகப் போரில் எஃகுச் சிக்கனத்துக்காக அது 4 ஆயிற்று. 1950களில் 4 நிலைபெற்றது. எட்டாம் பிரிவின் முதல் பகுதியில் 1999இல் 3.5 ஆகக் குறைந்தது. விரிவான தகைவுப் பகுப்பாய்வைக் கோரும் இரண்டாம் பகுதி 1968இல் 3 என்ற காரணியோடு வந்தது; 2007ஆம் ஆண்டு மறுஆக்கத்தில் அது 2.4 ஆயிற்று. உருக்கு, பற்றவைப்பு, கதிர்ப்படச் சோதனை ஆகியவை மேம்பட்டதால்தான் இந்தக் குறைப்பு முடிந்தது. ஆகவே 2.4ஐ எடுத்துக்கொள்பவர் அதனோடு பிணைந்த பகுப்பாய்வையும் சோதனைகளையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஒரு பகுதியின் தகைவையும் இன்னொன்றின் தளர்ந்த சோதனையையும் இணைப்பது தொகுப்பையே முறிப்பதாகும்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. கணக்குக்கு முன் எல்லையைப் படிக்க வேண்டும். எண்ணை அதற்குத் துணைநிற்கும் நிபந்தனைகளிலிருந்து பிரிக்கக் கூடாது. ஐயம் தீராவிட்டால் வசதியான பொருளைத் தேர்ந்துகொள்ளாமல் குழுவுக்கு எழுதிக் கேட்க வேண்டும். இந்திய எண்ணெய்த் துறையிலும் இத்தொகுப்புகள் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன. நம் பொறியியல் கல்லூரிகள் சூத்திரங்களைக் கற்பிக்கும் அக்கறையோடு இந்தப் பொருள்கோளையும் கற்பிக்க வேண்டும். விதியின் காரணம் அறியாத பொறியாளர், அது காக்க வந்த இடத்திலேயே அதைத் தளர்த்திவிடக்கூடும்.