வரிகளுக்கிடையே வாழ்ந்த தமிழ்

அரபி வரியின் கீழ் அதன் பொருளைச் சொல்லுக்குச் சொல் எழுதி வைக்கும் வழக்கம் தமிழகத்தில் தோன்றியதன்று. சாமானீ அரசர் மன்சூர் இப்னு நூஹ் (ஆட்சிக்காலம் கி.பி. 961–976) இமாம் தபரீ (ரஹ்) அவர்களின் தஃப்ஸீரைப் பார்சியில் பெயர்க்க விரும்பி, அது கூடுமா என உலமாக்களிடம் ஃபத்வா கேட்டார். கூடும் என்றனர். பின்னர் குர்ஆன் வரிகளுக்கிடையே பார்சியும் துருக்கியும் இடம் பெற்றன. டில்லி ஷாஹ் ரஃபீஉத்தீன் (ரஹ்) அவர்களின் சொற்பொருள் மூலம் உருதும் அங்கு வந்து சேர்ந்தது.

தமிழ் இவ்விடத்தில் அமர்வதற்கு அரபுத் தமிழே துணை நின்றது. அரபி வலமிருந்து இடம் செல்வது. தமிழெழுத்தோ இடமிருந்து வலம் செல்வது. எனவே தமிழெழுத்தில் எழுதினால் சொல்லுக்கு நேர் கீழே சொல் அமைந்த வரி சரளமாக ஓடாது. அரபி எழுத்துகளுக்குப் புள்ளி கூட்டி ழ, ள, ண போன்ற ஒலிகளையும் எழுத வழி கண்டபோது இத்தடை நீங்கியது. கல்லச்சு முறையில் கையெழுத்து அப்படியே பதிவதால் அச்சுக்கோப்போரின் சிரமமும் இல்லாது போயிற்று. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்), காயல்பட்டினம் ஹபீபு முஹம்மது ஆலிம் (ரஹ்) முதலியோரின் அரபுத் தமிழ்ப் படைப்புகள் 19ஆம் நூற்றாண்டில் பரவின. தமிழெழுத்து அறியாத நம் பெண்மக்கள் பலரும் இவற்றைத் தாமே ஓதிப் பொருளறிந்தனர்.

இம்முறையில் ஒரு விந்தையும் உண்டு. 'பிஸ்மில்லாஹ்' என்பதன் கீழ் 'கொண்டு', 'பெயரை', 'அல்லாஹ்வின்' என வரிசையாக வரும். தமிழாகப் படிக்க வேண்டுமானால் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும்! கேட்போருக்கு இது நகைப்பாகத் தோன்றலாம். ஆனால் இவ்வாறு ஓதிப் பழகிய மாணவருக்கு நஹ்வுச் சட்டங்கள் எளிதில் விளங்கிவிடும் என்பது நம் கருத்து. நாம் மதரஸாவில் ஓதிய காலத்திலும் கிதாபின் வரிகளுக்கிடையே பென்சிலால் பொருள் குறிப்பதே பாடமாக இருந்தது.

வேலூர் பாகியாத்தில் ஓதிய ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி (ரஹ்) அவர்கள் நல்ல தமிழெழுத்தில் தர்ஜமாவை வெளியிட்டார்கள். தமிழ் வாசகருக்கு அது பேருதவி. அதே வேளையில் தமிழெழுத்து பெருகப் பெருக, வரியடிப் பொருளும் அரபுத் தமிழை வாசிப்போரும் குறைந்தனர்.

மதுரையிலும் சுற்றுக் கிராமங்களிலும் சிதிலமான கிதாபுகளைக் கிணற்றில் இடுவதும் மண்ணில் அடக்குவதும் வழக்கம். கண்ணியம் கருதிச் செய்யப்படும் அதனை நாம் குறை கூறவில்லை. ஆயினும் அக்கட்டுகளில் வரியடித் தமிழ் தாங்கிய ஏடுகளும் சேர்ந்து போகின்றன. இனி வீடுகளில் பழைய கிதாபுகளை அகற்றுமுன் ஜமாஅத்தார் அவற்றைப் பள்ளிவாசலுக்குக் கொண்டு வந்து காட்டுவார்களாக. வாசிக்கத் தெரிந்த மூதாட்டிகள் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். பிரித்துப் பார்த்து எதனை வைப்பது என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.