ஆசியாகோ: பனிக்கு அடியில் ஒரு போர்க்களம்

இத்தாலியில் பனிச்சறுக்கு என்றதும் கோர்த்தினாவே நினைவுக்கு வரும். அதே வெனிட்டோ மாநிலத்தின் ஆசியாகோ பீடபூமியை அறிந்தோர் குறைவு. 1310 முதல் 1807 வரை ஏழு ஊர்கள் கூடித் தன்னாட்சி நடத்திய மலைநிலம் அது. சிம்பிரியம் என்னும் பழைய ஜெர்மானிய மொழி அங்கே வழங்கியது.

1916 மே மாதத்தில் ஆஸ்திரியப் படைகள் தாக்கின. ஆசியாகோ நகரம் தரைமட்டமானது, மக்கள் அகதிகளாயினர். 1917 ஜூனில் ஒர்த்திகாரா மலையில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

போர் முடிந்து திரும்பியவர்களில் பலர் மண்ணில் புதைந்த குண்டுகளைத் தோண்டி, உலோகத்தை விற்றுப் பிழைத்தார்கள். குண்டு வெடித்து இறந்தவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி 1970இல் எர்மான்னோ ஒல்மி படமெடுத்தார். திரைக்கதையில் பங்கேற்றவர், 1921இல் ஆசியாகோவில் பிறந்த எழுத்தாளர் மரியோ ரிகோனி ஸ்டெர்ன்.

இன்று குளிர்காலத்தில் சறுக்குவோர் அந்த மலைகளுக்கு வருகிறார்கள். பனி உருகியதும் அங்கே பதுங்குகுழிகள் தெரிகின்றன.