பிடிபட்ட சூரன்

அசுரனை அழிக்காமல் ஆட்கொண்ட கதை நம்முடையது. கச்சியப்பரின் கந்தபுராணத்தில், மாமரமாய் நின்ற சூரபன்மனை வேல் இரு கூறாக்குகிறது. ஒரு கூறு மயிலாகி முருகனைச் சுமக்கிறது. மறுகூறு சேவலாகிக் கொடியேறுகிறது. மலேசியாவின் தானா ராத்தாவைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களில், கந்தசஷ்டி விரதமிருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இது தெரிந்த கதை. அதே பிள்ளை கைப்பேசியில் ஆடுவதும் ஏறக்குறைய இதுதான்: பூதத்தை வீழ்த்து, பிடி, பழக்கு, அடுத்த சண்டைக்கு அனுப்பு.

இவ்வகை ஆட்டங்களின் முன்னோடிகளுள் ஒன்று, 1987-இல் ஜப்பானில் வெளிவந்த 'மெகாமி டென்செய்'. எதிர்ப்படும் பேயிடம் பேரம் படிந்தால் அது நம் அணியில் சேரும். அந்த வரிசையின் பிற்கால ஆட்டங்களில் சிவன், விஷ்ணு, காளி எல்லாரும் உண்டு, ஐரோப்பியப் பேய்களோடு ஒரே பட்டியலில். முகம் சுளிக்கத்தான் தோன்றும். ஆனால் உள்ளே நடப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2003-இல் வந்த 'நாக்டர்ன்' ஆட்டத்தில் சிவனைப் பெற ரங்டாவையும் பாரோங்கையும் ஒன்றாகக் கலக்க வேண்டும். பாலித்தீவுக் கூத்தில் இந்தச் சூனியக்காரியும் காவல் விலங்கும் இடும் போரில் வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. அந்தத் தீராப் பகை சிவத்தில் ஒடுங்குகிறதாம்! சைவ சித்தாந்தியே தலையசைப்பார். அதே வரிசையின் கிளையான 2016-இன் 'பெர்சோனா 5' சிவனையும் பார்வதியையும் இணைத்து 'அர்தா' என்றொரு வடிவம் தருகிறது. திருச்செங்கோட்டில் மாதொருபாகனாக நாம் கும்பிடுகிறவர்தாம் அவர்.

1996-இல் தொடங்கிய 'போக்கிமான்' நாம் கும்பிடும் கடவுளரின் பெயர் வம்புக்கே போகவில்லை. அதில் மாஜிகார்ப் என்ற உதவாக்கரை மீன் 20-ஆம் நிலையில் கியாரடோஸ் என்ற சீறும் பாம்புருவாகிறது. அருவியேறிய கெண்டை டிராகனாகும் சீனக் கதைதான்; ஏறும் பாட்டை மட்டும் ஆடுகிறவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

இவற்றில் எனக்குக் குறையாகப் படுவது வேறு. தோட்டத்து முனியாண்டிக்கு ஓர் எல்லை உண்டு, மரம் உண்டு, சுருட்டும் படையலும் உண்டு. அவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்ப முடியாது. மலாய்க்காரர் சொல்லும் தோயோல் எசமானுக்காகத் திருடும் குட்டிப்பேய். அதற்குத் தீனி போடத் தவறினால் வளர்த்தவனுக்கே ஆபத்து. நம் குட்டிச்சாத்தான் கதைகளும் அப்படியே. பிடித்தவன் பிடிபட்டதற்குக் கடன்பட்டவன். திரையில் அந்தக் கடன் பெரும்பாலும் இல்லை. வேண்டாத பூதத்தைப் பெட்டியில் போட்டு மறந்துவிடலாம். முருகனோ சூரனை அப்படி ஒதுக்கவில்லை. போர் முடிந்த பிறகுதான் மயிலுக்கு வேலையே தொடங்குகிறது.