வீதி நோக்கிய விளக்கு

செஞ்சியின் வரலாறு பெரும்பாலும் முற்றுகைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மூன்று மலைகளைப் பிணைத்து நிற்கும் மதிலைக் காண்போர் நெஞ்சில் முதலில் எழுவது போர்க்காட்சியே. 1750ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை இக்கோட்டையைத் தாக்கியபோது, மலைகளின் மேலிருந்து பீரங்கிகள் முழங்கின, வாணங்கள் பாய்ந்தன. விடிவதற்குள் மூன்று மலைகளும் கைமாறின. அன்றைய இரவின் வெளிச்சம் அச்சத்தின் வெளிச்சம். ஆனால், ஒளியை அஞ்சாமல் பார்த்து மகிழ்ந்த இரவுகளும் இம்மண்ணுக்கு உண்டு. கிறிஸ்துமஸ் காலத்தில் வீட்டு வாயிலில் ஒளிரும் நட்சத்திர விளக்கு அத்தகைய இரவுகளுக்கு உரியது.

வீட்டின் ஒளியை வீதிக்கும் வழங்குதல் தமிழர்க்குப் புதிதன்று. அகநானூற்று 141ஆம் பாடலில் நக்கீரர், கார்த்திகை நாளில் தெருவில் விளக்கேற்றி, மாலை தொங்கவிட்டுப் பலரும் கூடிக் கொண்டாடும் மூதூரைக் காட்டுகிறார். செஞ்சிக்கு மேற்கே திருவண்ணாமலையில் ஏற்றப்படும் தீபம் இன்றும் பல கல் தொலைவுக்குத் தெரிகிறது. மேல்சித்தாமூரை மடத்தலமாகக் கொண்ட தமிழ்ச் சமணர் மகாவீரர் வீடுபேறடைந்த நாளாகத் தீபாவளியைப் போற்றி விளக்கேற்றுகின்றனர். இவ்வொளி வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்ததே கிறிஸ்துமஸ் விளக்கு.

கிறித்தவத்தோடு செஞ்சிக்குள்ள தொடர்பு நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. 1597இல் இயேசு சபைத் துறவி நிக்கோலாஸ் பிமெண்டா இந்நகருக்கு வந்தார். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் இதுவே பெரியது என்றும், போர்ச்சுகலில் லிஸ்பன் ஒன்றே இதனை விஞ்சும் என்றும் எழுதினார். அவரை வரவேற்றவர் கிருஷ்ணப்ப நாயக்கர். தில்லைக் கோவிந்தராசர் கோயில் திருப்பணியில் முனைந்திருந்த அவ்வைணவ மன்னரே, வெள்ளாற்று முகத்துவாரத்தருகே தாம் தோற்றுவித்த நகரில் தேவாலயம் எழுப்பவும் இசைவளித்தார்.

இன்று காணும் விளக்குகள் அக்காலத்தவை அல்ல. செர்மானிய நாட்டு நீஸ்கி என்னும் ஊரின் மொராவியப் பள்ளியில், 1830களில் கணிதப் பயிற்சியாகக் காகித நட்சத்திரங்கள் செய்யப்பட்டன. அதே மொராவியச் சபையார் 1760இலேயே தரங்கம்பாடிக்கு வந்திருந்தனர். அவர்களது பணி அங்கு முடிந்த பின்னரே தாயகத்தில் அந்த நட்சத்திரம் பிறந்தது. 1882 டிசம்பரில் நியூயார்க்கில், எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் தம் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தை 80 மின்விளக்குகளால் அலங்கரித்தார். அம்மரத்தை அவர் நிறுத்திய இடம் வீதியை நோக்கிய சன்னலருகே என்பது கருதத்தக்கது. தன் வீட்டு ஒளியை வழிப்போக்கனும் காணவேண்டும் என்ற அவா நக்கீரரின் மூதூருக்கும் நியூயார்க்குக்கும் பொதுவாயிற்று.

தமிழகத்தில் நட்சத்திரம் தமிழ்க் கைவினையாகவே மாறிற்று. மூங்கிற் சிம்புகளை ஐந்து முனைகளாகக் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைப்பர். பட்டம் கட்டத் தெரிந்த கைகளுக்கு இது கடினமன்று. 1937இல் மேட்டூர் புனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் மின்னொளி மெல்ல மெல்லச் சிற்றூர்களை எட்டியது. சுடர் இருந்த இடத்தில் குண்டு பல்பு அமர்ந்தது. பின்னர் சீரியல் விளக்குகள் வாயிலைச் சுற்றின. விளக்கைக் காண வரும் அண்டை வீட்டுச் சிறுவர்க்குக் குடிலையும் காட்டி, கையில் பலகாரம் கொடுத்தனுப்புவது வழக்கமாயிற்று. மார்கழி வைகறையில் ஒரு வாயிலில் கோலமும் அகலும், அடுத்த வாயிலில் இரவெல்லாம் எரிந்த நட்சத்திரமும் இருக்க, இரண்டையும் ஒரே வீதி பார்த்துக்கொண்டிருக்கிறது.

2025 சூலையில் மராத்தியப் போர்க்கோட்டைத் தொகுதியின் ஓர் உறுப்பாகச் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கல்லுக்குக் காவல் கிடைத்துவிட்டது. காகிதத்துக்கு அக்காவல் இல்லை. கடையில் வாங்கும் பிளாஸ்டிக் நட்சத்திரம் மழைக்கு அஞ்சுவதில்லை. ஆயினும், சிம்பு பிளக்கவும் பசை காய்ச்சவும் அடுத்த வீட்டுப் பிள்ளையை அது அழைப்பதுமில்லை. ஒளி பெருகிய தெருவில் இவ்வழைப்பு குறைந்தால், இழப்பு விளக்கினுடையதன்று, அண்டையயலாரின் உறவினுடையதாகும்.

கோட்டையைப் பிடித்தவர் பெயர்களை வரலாற்று நூல்கள் காத்து வைத்துள்ளன. வாயிலில் நட்சத்திரம் கட்டியவர் பெயரைப் பொறிக்கக் கல்வெட்டு இல்லை. தெருவிளக்கைப் பாடிய நக்கீரரால் அன்றொரு மூதூர் அழியாமல் நின்றது. செஞ்சி வீதியின் நட்சத்திரமும் அவ்வாறு நிற்பது, இனி இம்மண்ணின் கவிஞர்கள் கையில் இருக்கிறது.