நகைச்சுவை நாவலும் கண்டி நாட்டு வரலாறும்

நகைச்சுவை நூல்களைப் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுதல் வரலாற்று மாணவர் வழக்கம். அங்ஙனம் தள்ளத்தகாத நூல்வரிசை ஒன்று ஆங்கிலத்தில் உண்டு. டக்ளஸ் அடம்ஸ் என்பார் இயற்றிய 'த ஹிச்ஹைக்கர்ஸ் கைட் டு த கலக்ஸி' என்பதே அது. 'பால்வெளி வழிப்போக்கர் கையேடு' என அப்பெயரைத் தமிழிற் கூறலாம். விஞ்ஞானக் கதையின் உருவமும் அங்கதத்தின் உயிரும் பெற்ற இந்நூல்வரிசை உலகெங்கும் வாசகரைக் கவர்ந்தமைக்குக் காரணம் யாது? கண்டி மலைநாட்டில் வாழும் நமக்கு அக்கவர்ச்சி எத்தகையது? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடம்ஸ் 1952 ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் நகரிற் பிறந்தவர். அவருடைய கதை முதலில் நூலாக வந்ததன்று; 1978 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 8 ஆந் திகதி பி.பி.சி. வானொலியில் நாடகமாக ஒலித்தது. மறு ஆண்டில் நாவலாயிற்று. தொடர்ந்து 1980, 1982, 1984, 1992 ஆகிய ஆண்டுகளில் மேலும் நான்கு நாவல்கள் வெளிவந்தன. ஆசிரியர் 2001 ஆம் ஆண்டு தமது நாற்பத்தொன்பதாம் வயதிற் காலமானார்.

கதையின் தொடக்கம் எளியது. ஆதர் டென்ற் என்னும் சாதாரண ஆங்கிலேயன் ஒருநாட் காலையில் விழித்தெழுகின்றான். புறவழிச் சாலை ஒன்று அமைக்கும் பொருட்டு அவனது வீட்டை இடிக்க இயந்திரம் வந்து நிற்கின்றது. திட்டம் முன்னரே காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது என்கின்றனர் அலுவலர். ஆனால் அது வைக்கப்பட்டிருந்த இடமோ, அலுவலகத்து நிலவறையில், எவரும் புகாத மூலையிலிருந்த பூட்டிய பெட்டி. சற்று நேரத்தில் வோகன் என்னும் வேற்றுக்கிரகத்தார் வந்து, விண்வெளிச் சாலை ஒன்றின் பொருட்டு இப்பூவுலகையே அழிக்கப்போவதாக அறிவிக்கின்றனர். அதற்கான திட்டமும் ஐம்பது ஆண்டுகளாக அயல் விண்மீன் ஒன்றில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்ததாம். உலகம் அழிகின்றது, ஆதர் நண்பன் ஒருவனின் உதவியால் உயிர்தப்பி, வீடும் நாடும் அற்றவனாய் அண்டமெங்கும் அலைகின்றான்.

இக்கதையின் கவர்ச்சி இங்கேயே தங்கியுள்ளது. எச்.ஜி. வெல்ஸ் 1898 ஆம் ஆண்டு வெளியிட்ட நாவலில் செவ்வாய்க் கிரகத்தார் பகைவராய் வந்தனர். அடம்ஸ் படைத்த வோகன்களுக்கோ எவர்மீதும் பகையில்லை. அவர்கள் கோப்புகளோடு வருகின்றனர். அறிவித்தல் முறைப்படி விடுக்கப்பட்டது, காலக்கெடு முடிந்தது, ஆகவே ஆட்சேபம் செல்லாது என்பதே அவர்தம் நியாயம். கொடுமை சட்டத்தின் மொழியிற் பேசும்போது அழுகையினும் நகைப்பே அதனைத் தெளிவாகக் காட்டவல்லது என்பதை ஆசிரியர் உணர்ந்திருந்தார்.

அதே 1979 ஆம் ஆண்டில், கொழும்பில் வாழ்ந்த மற்றோர் ஆங்கில எழுத்தாளரான ஆதர் சி. கிளாக் 'த பவுண்டன்ஸ் ஒவ் பரடைஸ்' என்னும் நாவலை வெளியிட்டமை ஈண்டு ஒப்புநோக்கற்பாலது. நம் தீவை ஒத்த கற்பனைத் தீவு ஒன்றின் புனித மலையிலிருந்து விண்ணுக்குக் கோபுரம் எழுப்பப்படுகின்றது. மலையுச்சியில் வாழ்ந்த துறவியர் இடம்பெயர்கின்றனர். கிளாக் பொறியியலாளனின் கண்கொண்டு அதனை நோக்கினார். அடம்ஸ் இடம்பெயர்க்கப்பட்டவனின் கண்கொண்டு நோக்கினார்.

இனி நம் நாட்டு வரலாற்றைக் காண்போம். 1815 ஆம் ஆண்டு கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியதெனக் கொள்ளப்படும் என விதித்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர் செய்தும் கால்நடை மேய்த்தும் வந்த கிராமத்தவரிடம் உரிமை இருந்தது, பத்திரம் இருக்கவில்லை. மன்னர் வழங்கிய சன்னஸ் முதலிய சாசனம் காட்டவியலாதோரின் பொதுக்காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. இது கண்டிச் சிங்களக் குடியானவன் கண்ட முதல் அறிவித்தல்.

அத்தோட்டங்களில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர், கோப்பி அழிந்து தேயிலை வந்த பின்னரும் லயங்களிலே தங்கினர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவனிடமும் அவன் தந்தையும் இங்கு பிறந்தமைக்குச் சான்று கேட்டது. மறு ஆண்டுச் சட்டம், இடையறாத வதிவை நிரூபிப்போர் இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்கலாம் என்றது. எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன, பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. கிராமத்தவனிடம் முன்பு கேட்ட அதே கடதாசியே தோட்டத் தொழிலாளியிடமும் கேட்கப்பட்டது. காணியை இழந்தவனும் நாட்டை இழந்தவனும் அயலவராய் வாழ்ந்தும், தம் துயரின் வேர் ஒன்றென்பதை அறியாதிருந்தமை நம் வரலாற்றின் பெருங்குறையாகும்.

அடம்ஸின் நாவலில் மாபெருங் கணிப்பொறி ஒன்று வருகின்றது. வாழ்வின் இறுதி வினாவுக்கு விடை காண அது எழுபத்தைந்து இலட்சம் ஆண்டுகள் கணக்கிட்டு, ஈற்றில் 42 என்று விடை கூறுகின்றது. விடை கிடைத்தது, வினா யாதென்பதே எவர்க்கும் தெரியவில்லை. இதனைப் படிக்குந்தோறும் 1964 ஆம் ஆண்டு ஒக்தோபர் 30 ஆந் திகதிய சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமே நினைவுக்கு வருகின்றது. 9,75,000 மக்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என எண்கள் வகுக்கப்பட்டன. நீ எங்கு வாழ விரும்புகின்றாய் என்னும் வினா அதன் பின்னரே கேட்கப்பட்டது. இலங்கையை விரும்பினோர் ஒதுக்கப்பட்ட தொகையினும் மிகுந்திருந்தனர். ஆயினும் எண்ணே வென்றது. பல்லாயிரவர் தலைமன்னார் வழியே கப்பலேறினர். அவருட் பலர் நீலகிரியில் மீண்டும் தேயிலைக் கொழுந்தே பறித்தனர்.

வானொலியில் அடம்ஸின் நாடகம் ஒலித்த காலத்தில் துரித மகாவலித் திட்டம் தொடங்கியிருந்தது. முப்பது ஆண்டுப் பணி ஆறு ஆண்டுக்குச் சுருக்கப்பட்டது. பிரித்தானிய உதவியுடன் கட்டப்பட்டு 1985 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கம் பழைய தெல்தெனிய நகரை மூழ்கடித்தது. நாட்டுக்கு மின்சாரமும் நீரும் கிடைத்தன; குடிபெயர்ந்தோர்க்கு மாற்றிடமும் வழங்கப்பட்டது. ஆகவே இதனை முன்னிரு நிகழ்ச்சிகளோடு சமமாக வைத்தல் நேர்மையன்று. எனினும் வறட்சிக் காலத்தில் நீர் வற்றப் பழைய கட்டடச் சிதைவுகள் வெளித்தோன்றும்போது, ஆதர் டென்றின் வீடு வெறும் கற்பனையன்று என்பது விளங்கும்.

ஒரு வேறுபாட்டையும் மறத்தலாகாது. நாவலில் வோகன்களின் ஆணைக்கு மேன்முறையீடு இல்லை. வரலாற்றில் உண்டு. 1952 ஆம் ஆண்டு மலையகத் தலைவர்கள் குடியுரிமை கோரிச் சத்தியாக்கிரகம் இருந்தனர். அரை நூற்றாண்டு கழிந்து, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்தோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் சந்ததியார்க்கும் குடியுரிமை வழங்கிற்று. காலந்தாழ்ந்த நீதியே, ஆயினும் எழுதப்பட்ட அறிவித்தலை மக்கள் மாற்றி எழுதுவிக்கலாம் என்பதற்கு அது சான்று.

திருவள்ளுவர் 'இடுக்கணழியாமை' என ஓர் அதிகாரமே வகுத்து, துன்பத்தின் முன் முகமலர்ந்து நிற்கப் பணித்தார். அந்நகைப்பு துன்பத்தை மறப்பதற்கன்று, அதனை மேற்கொள்வதற்கே. இவ்வாங்கில நூல்வரிசையை நம் மாணவர் படித்து நகைக்கட்டும். நகைத்தபின், தம் பாட்டனாரின் பெட்டிக்குள் கிடக்கும் பழைய விண்ணப்பப் பிரதியையும் எடுத்துப் படிக்கட்டும். அவ்விரண்டையும் சேர்த்துப் படிப்போர்க்கே நாவலின் சுவையும் வரலாற்றின் பயனும் ஒருங்கே கிட்டும்.